மூச்சு வாங்காத மாடிப்படி

தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சாய் நிவாஸ் அடுக்ககத்தில், லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார்.

லிஃப்ட் வருவதாகத்தான் இருந்தது. பள்ளம்கூடத் தோண்டியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துச் சென்னையில் வாஸ்து ஜுரம் பரவியது. அதுவரை அடுப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியாமலே வயிறார உண்டுகொண்டிருந்த ஜனங்கள், கையில் திசைகாட்டியோடு கக்கூஸுக்குள் போய் நின்று கவலைப்பட ஆரம்பித்தார்கள். குடியிருப்போர் சங்கமும் தன் பங்குக்கு ஒரு நிபுணரை வரவழைத்தது. சஃபாரி சூட்டும் சந்தனப் பொட்டுமாக வந்தவர் லிஃப்ட் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை மாற்றிக்கொண்டார். கன்னி மூலையில் பள்ளம். குடும்பத் தலைவருக்கு ஆகாது.

எந்தக் குடும்பத் தலைவருக்கு என்று அவர் சொல்லவில்லை. அதனால் எல்லாத் தலைவர்களுக்கும் அன்று ராத்திரியே நெஞ்சு வலித்தது. சங்கத்தின் செயலாளர் சுப்பராமன், ரயில்வே கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், மறுநாள் காலையிலேயே அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார். பள்ளத்தை மண் கொட்டி மூடி, மேலே கன்னிமூலை கணபதியைப் பிரதிஷ்டை செய்தார்கள். கும்பாபிஷேகக் குடத்தைத் தலையில் சுமந்தவர் சுப்பராமன்தான். அடுத்த வருஷம் கீழே ஒரு சைக்கிள் காணாமல் போனதும், மாடிப்படி ஓரம் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை இரும்புக் கிராதி போடவைத்தவரும் அவர்தான். சங்கத்தின் பொன்விழா மலர் என்று ஒன்று வந்தால் இரண்டு சாதனையும் அவர் பேரில்தான் அச்சாகும்.

அப்போது அவருடைய அப்பா மயிலாப்பூரில் பெரிய பிள்ளையோடு இருந்தார். பெரியவன் தன் மகளோடு தில்லிக்குப் போய்விட்டதால், அப்பா சின்னவனிடம் வந்துசேர்ந்தார். மூன்றாம் மாடி. தொண்ணூறு தாண்டிய மனுஷர், யார் கையையும் பிடிக்காமல் தானே ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று கைத்தடியால் அதன் நெற்றியில் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், மேலே வந்ததும் ஒரே வார்த்தை சொன்னார்.

"ஏணி."

வந்த மாசமே குளியலறையில் வழுக்கி விழுந்தார். இந்த வயசில் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். புத்தூர்க் கட்டுப் போடுகிறவர் வீட்டுக்கே வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது. ஆனால் வலது கால் மடங்காத கணக்கில் கூடியது. அன்றிலிருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் முன்னால் நீட்டிக்கொண்டேதான் இருக்கும், யாரையோ தடுக்கிவிடக் காத்திருப்பதுபோல. மூன்று வருஷமாக அவர் தரையை மிதிக்கவில்லை.

அப்பாவின் பெயர் ஸ்ரீகண்டய்யர். தொழில், கட்டடம் வரைவது.

அந்தக் காலத்தில் பட்டணத்தில் கட்டடக் கலைஞர் என்றால் வெள்ளைக்காரர் என்று அர்த்தம். பார்ட்லெட் துரை என்று ஒருவர் இருந்தார். அவருடைய கம்பெனியில் படித்த இந்தியர்களுக்கு உதவியாளர் உத்தியோகம் உண்டு. துரை காலையில் வந்து கையை வீசி ஆகாயத்தில் ஒரு கட்டடத்தைக் காட்டுவார். அதைக் காகிதத்துக்கு இறக்குவது ஸ்ரீகண்டய்யர். துரை சாயங்காலம் வந்து மூலையில் கையெழுத்துப் போடுவார். கட்டி முடித்ததும் வாசல் கல்வெட்டில் துரையின் பெயர் இருக்கும். மழைத்தண்ணீர் ஒழுகினால் மட்டும் ஸ்ரீகண்டய்யரின் பெயர் சொல்லப்படும்.

துரை சீமைக்குப் போன பிறகு அவர் சொந்தமாகப் பலகை மாட்டினார். வந்தவர்கள், "நீங்க என்ன கட்டியிருக்கேள்?" என்று கேட்டார்கள். சொன்னார். போய்ப் பார்த்தார்கள். கல்வெட்டில் வேறு பெயர் இருந்தது. திரும்பி வரவில்லை. மாம்பலத்து ஏரி தூர்ந்து தி. நகராக மாறிக்கொண்டிருந்த அந்த நாளில், ஊரே வீடு கட்டியபோது, அவருக்கு வந்ததெல்லாம் காம்பவுண்டுச் சுவர், கார் ஷெட், பின்கட்டுக் கழிப்பறை. அதையும் ஒழுங்காகத்தான் வரைந்தார். அவர் வரைந்த கழிப்பறைக்குள் காற்று வரும் என்று மாம்பலத்தில் கொஞ்ச காலம் பேச்சு இருந்தது. பிற்பாடு அதுவும் இல்லை.

முழுக்க முழுக்க அவருடையது என்று ஒன்றே ஒன்று உண்டு. சாந்தோம் கடற்கரையில் தோல் கம்பெனித் துரை ஒருவருக்காகக் கட்டிய பங்களாவின் மாடிப்படி. அந்தத் துரைசானிக்கு இழுப்பு வியாதி. மாடி ஏற முடியாது, மாடியில்தான் கடற்காற்று. பார்ட்லெட் துரை அந்த வாரம் குதிரைப் பந்தயத்தில் மும்முரமாக இருந்ததால், "நீயே ஏதாவது பண்ணு" என்று சொல்லிவிட்டார். இருபத்தேழு வயசு ஸ்ரீகண்டய்யர் பண்ணினார். ஒரு மாசம் தெருத் தெருவாகப் போய், கர்ப்பிணிகளும் கிழவர்களும் கோயில் படி ஏறுவதைப் பார்த்தார். உயரம் குறைத்து, அகலம் கூட்டி, திருப்பத்தில் கடலைப் பார்க்க ஒரு ஜன்னல் வைத்தார். ஏறுகிறவர்கள் களைத்து நிற்கக் கூடாது, பார்க்க நிற்க வேண்டும் என்பது அவருடைய யோசனை.

அந்தப் படியில் அவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

கட்டும்போது சாரம்தான். கட்டிய பிறகு சுதேசிகளுக்குப் பின்பக்கத்து இரும்புச் சுழற்படி. வெள்ளைக்காரர் போய், மில் முதலாளி ஒருவர் வாங்கி, அவர் பிள்ளைகள் சண்டை போட்டு, எழுபது வருஷம் ஓடிவிட்டது. மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் நடை தூரம். வாசலில் போய்ப் பெயரைச் சொல்லியிருந்தால் காப்பி கொடுத்து உபசரித்திருப்பார்கள். "கூப்பிடாத ஆத்துக்குள்ள எப்படிடா போறது?" என்று கேட்டுக்கொண்டே மனுஷர் தொண்ணூற்றாறு வயசுக்கு வந்துவிட்டார். அந்தப் படி மூச்சு வாங்காமல் ஏறவிடுகிறதா இல்லையா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நல்ல படியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

இந்த நிலையில்தான் சாய்நாத் வந்தான். சாய் நிவாஸைக் கட்டிய அதே சாய்நாத். சாந்தோம் பங்களாவை இடித்து அடுக்ககம் கட்ட வாங்கியிருந்தான். பழைய கட்டடப் பிரியர்கள் சிலர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். சாய்நாத் யோசித்தான். கட்டடத்தைப் பாராட்டினால் இடிக்க முடியாது. கட்டியவரைப் பாராட்டினால் இடிக்கலாம். விசாரித்தால், கல்வெட்டில் பெயருள்ள துரை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், அதை வரைந்தவர் தன் அடுக்ககத்திலேயே மூன்றாம் மாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். சாய்நாத்துக்குத் தெய்வ நம்பிக்கை அதிகமானது.

"மாமா, ஒங்களுக்கு நம்ம கம்பெனி சார்பா 'கட்டடக் கலைப் பிதாமகர்'னு டைட்டில் தர்றோம். சபா ஹால் புக் பண்ணியாச்சு. நாதஸ்வரம், பொன்னாடை, எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"பிதாமகரா?" என்றார் ஸ்ரீகண்டய்யர். "பீஷ்மரும் கடேசில படுத்துண்டேதான் இருந்தார். பொருத்தமாத்தான் இருக்கு."

சாய்நாத் சிரித்தான். புரிந்ததா என்பது அவன் சிரிப்பில் தெரியாது.

"வரேன். ஆனா சபாவுக்கு முன்னாடி என்னை சாந்தோமுக்குக் கூட்டிண்டு போகணும். அந்தப் படியில ஒரு தடவை போகணும். நாற்காலியோட தூக்கிண்டு போனாலும் சரி. தூக்கறவாளுக்கு மூச்சு வாங்கறதான்னு பார்த்துடுவேன்."

"அவ்ளோதானே மாமா!"

சுப்பராமனுக்கு அப்பா இப்படி எதையும் கேட்டு நினைவில்லை. சமையலறைக்குப் போய் மனைவி காமாக்ஷியிடம், "அப்பா ஆசைப்பட்டுக் கேக்கறார்டி" என்றார். "கேக்கட்டும். எப்படி எறக்குவேள்?" என்றாள் காமாக்ஷி. அந்த வீட்டில் நடைமுறைக் கேள்விகளுக்கான இலாகா அவளுடையது.

விழா நாள் காலையில் ரங்கனும் ஆண்டனியும் வந்தார்கள். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர்கள். கடல் சரியில்லாத நாட்களில் சாய்நாத்தின் வேலைகளில் கனமான சாமான் தூக்குகிறவர்கள். அக்கினி நட்சத்திர வெயில் எட்டு மணிக்கே மாடிப்படிக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தது. ஸ்ரீகண்டய்யரை மயில்கண் வேஷ்டி கட்டி, கைவைத்த நாற்காலியில் இருத்தி, நீட்டிய காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"திருப்பத்துல திரும்பாது," என்றார் அவர்.

"நான் கட்டின படி எனக்குத் தெரியாதா மாமா?" கீழ்த் தளத்திலிருந்து சாய்நாத்தின் குரல் வந்தது.

ரங்கன் முன்னால் இறங்கினான். "இன்னா நைனா, படியா இது? கட்டுமரத்த நெட்டுக்குத்தலா நிறுத்துனா மாறி கீது!"

"பேசிக்கினே போவாதடா," என்றான் பின்னால் பிடித்த ஆண்டனி. "பெர்சு காலு செவுத்துல மாட்டிக்கப் போவுது."

மாட்டிக்கொண்டது. இரண்டாம் மாடிக்கு மேலே உள்ள திருப்பத்தில் நாற்காலி இந்தச் சுவரையும் கால் அந்தச் சுவரையும் தொட்டது. சாய்த்தார்கள். தூக்கினார்கள். கைப்பிடிக்கு மேலே தூக்கிச் சுற்றலாம் என்று ரங்கன் சொன்னான், மேலே கிராதி. ஸ்ட்ரெச்சர் இதைவிட நீளம். "நான் தோள்ல போட்டுக்கினு எறங்கிடறேன் சாமி" என்று ஆண்டனி கட்டை அவிழ்த்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தான். ஸ்ரீகண்டய்யர் போட்ட சத்தத்தில் கீழே பிள்ளையார் கோயிலில் மணியடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். மறுபடியும் நாற்காலியில் வைத்துக் கட்டினார்கள்.

சுப்பராமன் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல கிராதி. அசைக்க முடியவில்லை. தரமான இரும்பாகப் பார்த்துப் போடச் சொல்லியிருந்தார்.

"கிராதிய அறுத்துடலாமா?" என்று கேட்டார்.

"வெல்டிங் ஆள் சாயங்காலம்தான் வருவான் சார். அறுத்தாலும் அந்தப் பக்கம் என்ன இருக்கு? லிஃப்ட் போற சந்து. சந்துக்குக் கீழ சாமியோட விமானம். அது மேல ஆளை எறக்கறதா?" என்றான் சாய்நாத், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

பிறகு அவன் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டான். சபாவில் காத்திருந்த பொன்னாடையையும் கேடயத்தையும் போட்டோக்காரரையும் வரவழைத்தான். நாதஸ்வரக்காரர்கள் தரைத்தளத்திலேயே நின்று மேல்நோக்கி வாசித்தார்கள். சாய்நாத் நான்கு படி கீழே நின்று, "இந்த மாமேதை போட்ட மாடிப்படிகள் காலத்தை வென்று நிற்கும்" என்று பேசினான். போட்டோவில் மேதையின் பாதம் மட்டும்தான் விழுகிறது என்று தெரிந்ததும் சுவரோடு உரசி மேலேறி வந்து அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். ரங்கனும் ஆண்டனியும் நாற்காலியை இறக்கி வைக்க இடமில்லாமல், பேச்சு முடியும்வரை தாங்கிப் பிடித்திருந்தார்கள். மேடையில் உட்காரும் பிரமுகர்கள் யாரும் எந்தப் பேச்சையும் அவ்வளவு உழைப்போடு கேட்டதில்லை.

"இந்தப் படிக்கு எத்தனை அங்குலம் வெச்சே?" என்று ஸ்ரீகண்டய்யர் பொன்னாடைக்குள்ளிருந்து கேட்டார்.

"எட்டரை இருக்கும் மாமா. எடம் மிச்சம். ஃப்ளோருக்கு ஒரு ஸ்டோர் ரூம் கெடச்சுது."

"கெட்டிக்காரன். என் துரைக்கு இந்தப் புத்தி இல்லை."

"தேங்க்ஸ் மாமா," என்றான் சாய்நாத், மனம் நெகிழ்ந்து.

இறக்க முடியாததால் ஏற்றினார்கள்.

அன்று மத்தியானம் சுப்பராமன், சாய்நாத்தின் அலுவலகத்துக்குப் போய், இடிப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டார். ஏதாவது வழி பண்ணுகிறேன், பெரிய கிரேன் கிடைக்குமா பார்க்கிறேன் என்றார்.

"சார், வைகாசி வாஸ்து நாள்ல பூமி பூஜை போட்டாகணும். அது தாண்டினா ஆனி. ஆனியில வாஸ்து புருஷன் தூங்கறார். எழுப்பினா வீட்டுப் பெரியவாளுக்கு ஆகாது. நீங்க சொல்லித்தான் சார் எனக்கே தெரியும். சங்கத்துல எவ்ளோ அழகா எக்ஸ்பிளைன் பண்ணீங்க!"

சுப்பராமன் அவன் கொடுத்த குளிர்பானத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அப்பா கூப்பிட்டார்.

"நீ போய் ஏறிட்டு வா."

"நானா?"

"நீதான் சரியான ஆள். ஒனக்கு வயசும் இருக்கு, தொப்பையும் இருக்கு. சாதாரணமா ஏறு. நிக்கணும்னு நெனச்சுண்டு நிக்காதே. மேலே போனதும் வாயைத் தெறந்து மூச்சு விடறயான்னு பாரு. வந்து உள்ளதை உள்ளபடி சொல்லு. நன்னா இல்லேன்னா நன்னா இல்லேன்னு சொல்லணும். தெரிஞ்சுண்டா போறும் எனக்கு."

மறுநாள் சுப்பராமன் போனபோது பங்களாவுக்குக் கூரை இல்லை. விழாவுக்கு முன்பே இடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கதவு ஜன்னல்களைப் பழைய மரக்கடைக்காரர்கள் கொண்டுபோயிருந்தார்கள். முன் சுவர் விழுந்துவிட்டது. சுண்ணாம்புப் புழுதிக்கு நடுவில், எந்த வீட்டையும் சேராத மாதிரி, அந்தப் படி மட்டும் வெயிலில் நின்றது. காவலாளி பீர் முஹம்மது தலையில் துண்டோடு செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏர்றதுன்னா சுருக்கா ஏறு மாமா. ஆளுங்க டீ துண்ணப் போய்க்கீறானுங்கோ. வந்தா அட்த்தது இதான்."

சுப்பராமன் வலது காலை வைத்து ஏறினார். உள்ளதை உள்ளபடி கவனிக்க வேண்டும் என்ற கவலையிலேயே ஏறியவர், கொஞ்ச நேரம் கழித்து, தான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை உணர்ந்தார். திருப்பத்தில், ஜன்னல் இருந்த ஓட்டைக்கு எதிரே. எப்போது நின்றார் என்று தெரியவில்லை. கட்டுமரங்கள் இரண்டு வந்துகொண்டிருந்தன. காற்று சட்டைக்குள் புகுந்தது. மறுபடி நடந்தார். படி முடிந்து மேல்தளத்தின் மிச்சத்தில் நின்றார்.

"பாய்! இங்கேருந்து லைட்ஹவுஸ் நன்னா தெரியறது, வந்து பாருங்கோ!" என்று கத்தினார். கத்திய பிறகுதான், முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது.

நம்பிக்கை வராமல் இறங்கி, இன்னொரு முறை ஏறினார். பிறகு இன்னொரு முறை. பீர் முஹம்மது எழுந்து நின்று, "மாமா, வூட்ல யாராச்சும் கீறாங்களா?" என்று அனுதாபமாக விசாரித்தார். வேலையாட்கள் சம்மட்டிகளோடு வந்தார்கள். முதல் அடி விழும் சத்தம் கேட்பதற்குள் தெருவுக்குப் போய்விட வேண்டும் என்று சுப்பராமன் வேகமாக நடந்தார். தெருமுனையில் கேட்டது.

ஆனாலும் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, யாருக்கும் எடுத்துப்போக அவர் கையில் இப்படி ஒரு சேதி கிடைத்ததில்லை. ஆட்டோக்காரரை விரட்டினார். பாண்டி பஜார் நெரிசலில் ஆட்டோ நின்றதும் இறங்கி, அந்த வெயிலில் நடந்தே வந்தார். பிள்ளையாருக்கு அவசரமாக ஒரு குட்டுப் போட்டுக்கொண்டு படியேறினார். ஏறினார் என்பதைவிட ஓடினார் என்பது சரி. முதல் மாடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டாம் மாடியில் கிராதியைப் பிடித்தார். மூன்றாம் மாடியில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே போய் நின்றார்.

அப்பா தலையணையில் சாய்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காத்திருந்தார்.

"என்னடா?"

சுப்பராமன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இரு என்று ஒரு விரலைக் காட்டினார். மார்பு ஏறி ஏறி இறங்கியது. ஸ்ரீகண்டய்யர், அது ஏறுவதையும் இறங்குவதையும், வாய் திறந்திருப்பதையும், கணக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏன்னா, என்ன இப்படி? மொதல்ல உக்காருங்கோ," என்று காமாக்ஷி மோரோடு ஓடிவந்தாள்.

"சரி," என்றார் அப்பா. "புரிஞ்சுடுத்து."

சுப்பராமன் இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். மோரைக் குடிக்கப் போய்ப் புரையேறியது. ஒருவழியாகக் குரல் வந்தபோது அது அவருடைய குரல் மாதிரி இல்லை.

"அங்கே வாங்கலைப்பா. இது… இங்கே ஏறினது. நம்ம படி. அங்கே ஜம்முனு ஏறினேன். மூணு தடவை ஏறினேன்."

அப்பா சிரித்தார். பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டுப் பேப்பர் கஷ்டம் என்று சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு.

"மூணு தடவையா? ஒரு தடவைன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"சத்தியமாப்பா! கேட்டுப் பாரு, அங்கே காவல்காரர்…"

"நான் எங்கே போய்க் கேக்கறது?"

சுப்பராமன் காமாக்ஷியைப் பார்த்தார். அவள் என்ன சொல்வாள்? சாந்தோமுக்குப் போய் இன்னொரு தரம் ஏறிக் காட்டலாம் என்றால், ஏறுவதற்கு அங்கே இப்போது ஒன்றும் இருக்காது. அவர் மறுபடியும் ஆரம்பித்தார். ஜன்னலைச் சொன்னார், கட்டுமரத்தைச் சொன்னார், தெரியாமலே நின்றதைச் சொன்னார். சொல்லச் சொல்ல, அப்பாவின் யோசனையை அப்பாவிடமே ஒப்பிப்பதுபோல இருந்தது. அவருக்கே அது பொய்யாகக் கேட்டது.

"போறும்டா. ஒனக்கு நல்ல மனசு," என்று ஸ்ரீகண்டய்யர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். ஆறங்குலம் வெச்சிருக்கப்படாது. அஞ்சரைதான் வெச்சிருக்கணும்."

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். நீட்டிய காலோடு மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பினார். தூங்கிவிட்டார் என்று நினைத்துச் சுப்பராமன் எழுந்திருக்கப் போனபோது குரல் வந்தது.

"பாவம் அந்தத் துரைசானி. இழுப்புக்காரி. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலை பாரு. இருபது வருஷம் எறைக்க எறைக்க ஏறியிருப்பா."